'எக்கனாமிக்'கா, 'எக்கனாமிகல்'லா? ஒலியில் ஒட்டி நிற்கும் ஆங்கிலப் பெயரடைகளைப் பிரித்தறிய முழு வழிகாட்டி

ஆங்கில நாளிதழைத் தடையில்லாமல் படிப்பார்கள், அலுவலக மின்னஞ்சலும் எழுதுவார்கள். ஆனால் 'கன்சிடரபிள்' வர வேண்டிய இடத்தில் 'கன்சிடரேட்' வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கிலம் ஓரளவு கைவந்தவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினி பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. படிக்கிறவர்தான் ஒரு நொடி நின்று, 'இவர் என்ன சொல்ல வருகிறார்?' என்று யோசிப்பார்.

இதற்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்து ஒரு பட்டியல். இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் இரட்டை, பக்கத்தில் தமிழ்ப் பொருள். அதை மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே வரியில், ஒரே நாளில் ஒன்றாக உள்ளே போன இரண்டு சொற்கள் வெளியே வரும்போதும் ஒன்றாகவே வரும். 'இந்த இரண்டில் ஒன்று' என்பது நினைவிருக்கும், எது எந்தப் பக்கம் என்பது மறந்துபோகும். அதனால் இங்கே படிகளின் வரிசை முக்கியம். முன்பின் மாற்றினால் பழைய பட்டியல் முறைக்கே திரும்பிவிடுவீர்கள்.

1. தொடங்குமுன் கையில் வேண்டியவை

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஓர் ஆங்கில–ஆங்கில அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எது வேண்டுமானாலும் சரி, ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்க வேண்டும். நமக்கு வேலை அந்த வாக்கியங்களில்தான்.

ஆங்கில–தமிழ் அகராதியை இந்த வேலைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 'ரெஸ்பெக்டபிள்', 'ரெஸ்பெக்ட்ஃபுல்' இரண்டுக்கும் தமிழில் 'மரியாதையான' என்று சொல்லிவிட முடியும். 'மரியாதையான குடும்பம்' என்கிறோம், 'மரியாதையான பேச்சு' என்றும் சொல்கிறோம். நம் மொழி ஒரே சொல்லால் சமாளிக்கிற இடத்தில் ஆங்கிலம் இரண்டு சொற்களை வைத்திருக்கிறது. ஒற்றைத் தமிழ்ச் சொல்லைப் பொருளாக எழுதிக்கொண்டால் குழப்பத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறீர்கள்.

அடுத்து, ஒரு நீள நோட்டு. ஒரு பெயரடைக்கு (அட்ஜெக்டிவ்) ஒரு பக்கம். அதன் இரட்டை அடுத்த பக்கத்தில் வரக்கூடாது, நோட்டின் மறுகோடியில் வரட்டும்.

கடைசியாக, நீங்களே எழுதிய பழைய மின்னஞ்சல்கள் அல்லது தேர்வு விடைகள். அவற்றில் நீங்கள் உண்மையில் குழப்பிக்கொண்ட ஜோடிகளைப் பொறுக்கியெடுங்கள். பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் போதும். ஊரார் குழம்பும் நூறு ஜோடிகளை எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டாம் வாரம் நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

2. எந்த வகைக் குழப்பம் என்று முதலில் பிரியுங்கள்

எல்லா ஜோடிகளுக்கும் ஒரே வழி செல்லாது. உங்கள் பன்னிரண்டையும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகையில் வேர் ஒன்று, வால் வேறு: 'இண்டஸ்ட்ரியல்', 'இண்டஸ்ட்ரியஸ்'. இரண்டாவது, 'போர்ட்', 'போரிங்' போல 'ஈடி', 'ஐஎன்ஜி' என்று முடிபவை. மூன்றாவது வகையில் வாலைப் பார்த்துப் பொருளைப் பிரிக்க முடியாது, காதுக்கு மட்டும் நெருக்கம்: 'எலிஜிபிள்', 'இல்லெஜிபிள்'. நான்காவதில் உச்சரிப்பு ஒன்றேதான், எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு.

முதல் வகைக்குப் பெயர்ச்சொல்லும் வாலும் உதவும், மூன்றாவதுக்கு அழுத்தம் உதவும், நான்காவதுக்கு எழுத்துதான் கதி. வகை தெரியாமல் இறங்கினால் வால் பார்க்க வேண்டிய இடத்தில் உச்சரிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

3. பொருளுக்கு முன் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்

மொத்த வேலையில் பாதி இந்தப் படியில் முடிந்துவிடும். பெயரடை தனியாக நிற்காது, ஏதாவது ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்ந்துதான் வரும். ஒவ்வொரு பெயரடைக்கும் வழக்கமான கூட்டாளிகள் சிலர் உண்டு. அகராதியின் எடுத்துக்காட்டுகளிலிருந்து அப்படி மூன்று கூட்டாளிகளை எடுத்து எழுதுங்கள்.

'எக்கனாமிக்' பக்கத்தில் இப்படி வரும்: எக்கனாமிக் குரோத், எக்கனாமிக் பாலிசி, எக்கனாமிக் கிரைசிஸ். நாடு, அரசு, சந்தை என்று பெரிய விஷயங்கள். நோட்டின் மறுகோடியில் 'எக்கனாமிகல்' பக்கம்: எக்கனாமிகல் கார், எக்கனாமிகல் ஸ்டவ், எக்கனாமிகல் யூஸ் ஆஃப் வாட்டர். அதற்குக் கீழே சொந்தமாக ஒரு வாக்கியம்: 'மை ஸ்கூட்டர் இஸ் மோர் எக்கனாமிகல் தேன் மை கார்.' பக்கத்தின் அடியில் தமிழ் விளக்கம், ஆனால் ஒற்றைச் சொல்லாக இல்லாமல் ஒரு தொடராக: 'குறைந்த செலவில், வீணாக்காமல் வேலையை முடிக்கிற'. அவ்வளவுதான். இரட்டைச் சொல்லின் பெயர்கூட அந்தப் பக்கத்தில் வரவேண்டாம்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. பல ஜோடிகளில் ஒரு பாதி ஏற்கெனவே நம் அன்றாடப் பேச்சில் பெயர்ச்சொல்லோடு சேர்ந்தே இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தெரியும். தொழிற்சாலை சம்பந்தப்பட்டது 'இண்டஸ்ட்ரியல்' என்பதில் அவர்களுக்கு இனி சந்தேகம் வராது. மிச்சமிருக்கும் 'இண்டஸ்ட்ரியஸ்' உழைப்பாளிக்கு. செய்தியில் 'ஜுடிஷியல் கஸ்டடி' கேட்டிருப்பீர்கள், அது நீதிமன்றம் சார்ந்தது. 'ஜுடிஷியஸ்' என்றால் யோசித்து, அளவறிந்து செய்கிற. வண்டிக்கு 'காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ்' போட்டவருக்கு எல்லாவற்றையும் உள்ளடக்கியது எது என்று தெரியும், எனவே 'காம்ப்ரிஹென்சிபிள்' புரியக்கூடியது. மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் 'டிபென்டன்ட்' என்ற கட்டத்தை நிரப்பியவருக்கு, நம்பி ஒப்படைக்கத் தக்கவர் 'டிபென்டபிள்' என்பதைப் பிரிப்பது சுலபம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பிழை, கூட்டாளிகளைத் தாங்களே கற்பனையில் உருவாக்குவது. 'இண்டஸ்ட்ரியஸ் மெஷின்' என்று ஒருவர் எழுதி வைத்தால், தவறான ஜோடியே மனதில் பதியும். முதல் மூன்றையும் அகராதியிலிருந்தே எடுங்கள். சொந்த வாக்கியம் அதற்கு அப்புறம்.

4. தெரிந்ததை முதலில் கெட்டிப்படுத்துங்கள், மற்றதைத் தள்ளிப் போடுங்கள்

ஜோடியில் உங்களுக்கு ஓரளவு பழக்கமான சொல் எதுவோ அதை மட்டும் முதலில் எடுங்கள். இரட்டையைத் தொட நான்கைந்து நாளாவது போகட்டும். ஒன்று உறுதியாக உட்கார்ந்த பிறகு வரும் இரண்டாவது சொல், முதலாவதை அசைக்காது.

'சென்சிபிள்', 'சென்சிட்டிவ்' ஜோடியை எடுத்துக்கொள்வோம். 'சென்சிட்டிவ்' நமக்குப் பழக்கம். பற்பசை விளம்பரத்தில் 'சென்சிட்டிவ் டீத்', தேர்தல் நேரத்தில் 'சென்சிட்டிவ் பூத்', வீட்டில் 'அவன் ரொம்ப சென்சிட்டிவ், பார்த்துப் பேசு'. மூன்றிலும் ஒரே கரு: லேசாகத் தொட்டாலே எதிர்வினை வரும். பல் கூசும், வாக்குச்சாவடியில் பதற்றம் கூடும், பையன் முகம் வாடும். இதை நான்கு நாள் பேச்சிலும் எழுத்திலும் பயன்படுத்துங்கள்.

பிறகு 'சென்சிபிள்' பக்கத்தைத் திறங்கள். சென்சிபிள் டிசிஷன், சென்சிபிள் அட்வைஸ், சென்சிபிள் ஷூஸ். கடைசியைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். செருப்புக்கு எப்படி அறிவு வரும்? பகட்டுக்காக வாங்காமல், நடக்க வசதியாக இருக்கிறதா என்று யோசித்து வாங்கிய செருப்பு என்று பொருள். நடைமுறை அறிவோடு எடுத்த எந்த முடிவுக்கும் இந்தச் சொல் பொருந்தும். 'ஹீ இஸ் வெரி சென்சிபிள்' என்று சொல்லிவிட்டு, 'எளிதில் மனம் நோகிறவர்' என்ற பொருளை எதிர்பார்க்கிறவர்கள் நிறைய. கேட்பவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

5. வாலைப் பாருங்கள்: செய்பவரா, செய்யப்படுவதா?

வேர் ஒன்றாக இருந்தால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். 'ஏபிள்', 'இபிள்' என முடிந்தால் பெரும்பாலும் அந்தச் செயல் அதன்மீது நடக்கிறது. 'ஃபுல்', 'அஸ்', 'அன்ட்' என முடிந்தால் பெரும்பாலும் அதுவே அந்தச் செயலைச் செய்கிறது.

'ரெஸ்பெக்டபிள்' மரியாதை பெறத் தக்கவர், 'ரெஸ்பெக்ட்ஃபுல்' மரியாதை கொடுப்பவர். 'டாலரபிள்' என்றால் பொறுத்துக்கொள்ளக் கூடிய வெயில், 'டாலரன்ட்' என்றால் பொறுத்துக்கொள்ளும் மனிதர். 'நெக்லிஜிபிள்' கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அளவுக்குச் சிறியது, 'நெக்லிஜென்ட்' கண்டுகொள்ளாமல் விட்டவர். விபத்துச் செய்திகளில் வரும் 'நெக்லிஜென்ட் டிரைவிங்' இதுதான். 'கன்டெம்ப்டிபிள்' இகழத் தக்கது, 'கன்டெம்ப்சுவஸ்' இகழ்ச்சியோடு பார்ப்பது. 'கிரெடிபிள்' நம்பத் தகுந்த தகவல், 'கிரெடுலஸ்' எதைச் சொன்னாலும் நம்பிவிடும் ஆள்.

இந்த ஒரு கேள்வியே பல ஜோடிகளைத் தீர்த்துவிடும். ஆனால் அடங்காத சொற்களும் உண்டு. 'கன்சிடரபிள்' என்றால் கணிசமான. 'கன்சிடரேட்' என்றால் பிறர் நிலையை நினைத்துப் பார்த்து நடக்கிற. 'சென்சிபிள்'ளும் இந்த விதிக்குள் வராது. இவற்றுக்கு மூன்றாம் படிதான் வழி.

'இக்', 'இகல்' வால்களுக்கு விதி தேடி அலையாதீர்கள். தேடுகிறவர்கள் வழக்கமாகச் சிக்குவது இங்கேதான். 'ஹிஸ்டாரிகல்' என்றால் வரலாறு சார்ந்த. சரி, 'இகல்' வந்தால் துறை சார்ந்தது என்று ஒரு விதி எழுதிக்கொள்வார்கள். அடுத்து வருகிறது 'எக்கனாமிக்'. இங்கே துறை சார்ந்த பொருள் குட்டைச் சொல்லில் இருக்கிறது, 'இகல்' போட்டதோ சிக்கனத்தைக் குறிக்கிறது. இரண்டு ஜோடியும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒன்றில் கற்ற விதியை மற்றதில் போட்டால் நிச்சயம் தப்பு.

ஆகவே இந்த ஜோடிகளைத் தனித்தனியாகத்தான் படிக்க வேண்டும். 'ஹிஸ்டாரிக்' வரலாற்றில் இடம்பிடித்ததற்கு: 1947 ஆகஸ்ட் 15 நள்ளிரவு, 1969-இல் நிலவில் மனிதன் வைத்த முதல் அடி. 'ஹிஸ்டாரிகல்' வரலாற்றைச் சேர்ந்த எதற்கும் வரும். நிலவரி விவரம் சொல்லும் ஒரு பழைய ஓலைச்சுவடி 'ஹிஸ்டாரிகல் டாகுமென்ட்', ஆனால் அதை 'ஹிஸ்டாரிக்' என்று சொல்ல அது வரலாற்றையே திருப்பிப் போட்டிருக்க வேண்டும். 'கிளாசிக்கல்' என்றால் தொன்மையான மரபைச் சேர்ந்த: கிளாசிக்கல் மியூசிக், 2004-இல் தமிழுக்குக் கிடைத்த 'கிளாசிக்கல் லாங்குவேஜ்' தகுதி. 'கிளாசிக்' என்றால் ஒரு வகைக்கு உச்ச மாதிரி: கிளாசிக் எக்சாம்பிள், கிளாசிக் கேட்ச். 'எலெக்ட்ரிக்' பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும் குறிப்பிட்ட பொருளுக்கு, ரயில், பல்பு மாதிரி. 'எலெக்ட்ரிகல்' பொதுவான துறைக்கு: எலெக்ட்ரிகல் ஷாப், எலெக்ட்ரிகல் என்ஜினியர்.

6. 'ஐ யாம் போரிங்' என்று சொல்லாதீர்கள்

'எனக்கு போரடிக்கிறது' என்பதை 'ஐ யாம் போரிங்' என்று சொல்லிவிடுவது மிகச் சாதாரணம். அதன் உண்மையான பொருள், 'நான் ஓர் அறுவை'. ஐந்தாம் படியில் கேட்ட அதே கேள்விதான் இங்கேயும். அந்த உணர்வை உண்டாக்குவது 'ஐஎன்ஜி', அனுபவிப்பது 'ஈடி'. படம் 'போரிங்', நீங்கள் 'போர்ட்'. வேலை 'டயரிங்', வேலை செய்தவர் 'டயர்ட்'. நேர்முகத் தேர்வில் 'ஐ யாம் இன்ட்ரெஸ்டிங் இன் திஸ் ஜாப்' என்றால் 'நான் சுவாரசியமான ஆள்' என்று தற்பெருமை அடித்ததாகிவிடும்.

தமிழில் 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியமா என்று பாருங்கள். எனக்கு ஆர்வம், எனக்குக் குழப்பம், எனக்கு எரிச்சல் என்றால் ஆங்கிலத்தில் ஆளுக்கு 'ஈடி' வால். இந்தச் சோதனை அநேகமாகத் தவறுவதில்லை.

7. வால் கைகொடுக்காவிட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள்

'எலிஜிபிள்' தகுதியுள்ள, 'இல்லெஜிபிள்' படிக்க முடியாத. வேகமாகச் சொன்னால் நம் காதுக்கு இரண்டும் ஒன்று. ஆனால் அழுத்தம் விழும் இடம் வேறு. முதலாவதில் தொடக்கத்து 'எ'மீது, இரண்டாவதில் நடுவிலுள்ள 'லெ'மீது. அகராதித் தளத்தில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேளுங்கள், உரக்கச் சொல்லுங்கள். தமிழில் ஓர் அசையை ஓங்கிச் சொல்வதால் பொருள் மாறாது என்பதால் நம் காது அதைத் தேடாது. அதைத் தேடப் பழக்குவதுதான் இந்தப் படி.

'ஹ்யூமன்' மனித, முதலசையில் அழுத்தம். 'ஹ்யூமேன்' மனிதநேயமுள்ள, இரண்டாம் அசையில். 'அர்பன்', 'அர்பேன்' ஜோடியும் அப்படியே: முன்னது நகரம் சார்ந்த, பின்னது பண்பட்ட நாகரிகமுள்ள. 'இன்ஜீனியஸ்' புத்திசாலித்தனமான, 'இன்ஜென்யுவஸ்' கள்ளம் கபடமில்லாத.

'எமினன்ட்', 'இமினன்ட்' இரண்டிலும் அழுத்தம் முதலசையிலேயே. இங்கே பெயர்ச்சொல்தான் காப்பாற்றும். 'எமினன்ட் சயின்டிஸ்ட்' புகழ்பெற்ற அறிவியலாளர், 'இமினன்ட் டேஞ்சர்' எந்நேரமும் வந்துவிடக்கூடிய ஆபத்து.

8. உச்சரிப்பு ஒன்றேயானால் ஓர் எழுத்தைப் பிடியுங்கள்

பேச்சில் இவற்றால் தொல்லையில்லை, எழுதும்போதுதான். 'காம்ப்ளிமென்டரி'யின் நடுவில் 'ஐ' எழுத்து வந்தால் இலவசம் அல்லது பாராட்டு, ஓட்டலில் காலை உணவு. 'ஈ' வந்தால் ஒன்றை ஒன்று நிரப்புவது. பத்தாம் வகுப்புக்குள் கணக்கில் படித்த, கூட்டினால் 90 பாகை வரும் கோணங்கள் இந்த 'ஈ'க்காரர்கள். 'கம்ப்ளீட்' என்ற சொல்லிலும் அதே 'ஈ' இருக்கிறது, அதோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

'டிஸ்கிரீட்' இரண்டு விதம். 'ஈ' இரண்டும் ஒட்டி நின்றால் ரகசியம் காக்கிற, பக்குவமான. நடுவில் 'டி' புகுந்து அவற்றைப் பிரித்துவிட்டால் தனித்தனியான. பொறியியல் மாணவர்களின் 'டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்' இரண்டாவது. 'ஸ்டேஷனரி'யில் 'ஏ' போட்டால் நகராமல் நிற்கிற வண்டி, 'ஈ' போட்டால் கடையில் விற்கும் பேப்பர், பேனா. கடைப் பலகைகளிலேயே இது மாறிக் கிடப்பதால் பலகையைப் பார்த்துக் கற்காதீர்கள்.

9. விடைகளைக் கொடுக்காமல் சோதியுங்கள்

'இரண்டில் சரியானதைத் தேர்ந்தெடு' என்ற பயிற்சியை முதல் சோதனையாக வைக்காதீர்கள். அது இரண்டையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. ஒரு வாரம் கழித்து, பெயர்ச்சொற்களை மட்டும் ஒரு தாளில் கலந்து எழுதி, முன்னால் கோடு விடுங்கள்: ____ ஷூஸ், ____ கஸ்டடி, ____ குரோத், ____ டிரைவிங். தெரிவுகள் இல்லாமல் நிரப்புங்கள். வந்துவிட்டால் அந்தச் சொல் உங்களுடையது.

அதில் தேறிய பிறகுதான் வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. பாணியில் தெரிவுகள் உள்ள வினாக்களுக்குப் போங்கள். அங்கே சந்தேகம் வந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'ரெஸ்பெக்டபிள் சைலன்ஸ்' என்றால் மௌனத்துக்கு நாம் வணக்கம் வைப்பதாகிறது. மௌனம்தான் மரியாதை காட்டுகிறது, ஆகவே 'ரெஸ்பெக்ட்ஃபுல்'. தவறான சொல் தரும் அபத்தமான பொருளை மனதில் ஓடவிட்டால் சரியானது தானே தெரிந்துவிடும்.

10. கடைசியில் தடுக்கும் இடங்கள்

'இன்' முன்னொட்டைப் பார்த்ததும் சொல்லின் பொருளே எதிர்மறை என்று முடிவு செய்யாதீர்கள். 'இன்வேல்யுவபிள்' என்றால் விலைமதிக்க முடியாத அளவுக்கு உயர்ந்த. ஒருவரின் உதவியை அப்படிச் சொன்னால் அது பாராட்டு. 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் எழுதியிருப்பது தீப்பற்றாது என்ற பொருளில் இல்லை. 'ஃபிளேமபிள்' என்றாலும் அதே பொருள்தான்.

எல்லா எல்லைக்கோடும் ஒரே அழுத்தமாக இருக்காது. 'ஆல்டர்நேட் டேஸ்' ஒன்றுவிட்டு ஒரு நாள், 'ஆல்டர்நேட்டிவ் ரூட்' மாற்றுப் பாதை. பிரிட்டிஷ் வழக்கில் இது தெளிவு. அமெரிக்கர்கள் மாற்றுப் பாதைக்கும் 'ஆல்டர்நேட் ரூட்' என்பார்கள், அதைத் தப்பென்று திருத்தப் போகாதீர்கள். 'அன்இன்ட்ரெஸ்டட்' ஆர்வமில்லாத, 'டிஸ்இன்ட்ரெஸ்டட்' சொந்த ஆதாயம் பார்க்காத, நடுநிலையான. பின்னதை முன்னதன் பொருளிலும் பலர் எழுதுவதை அகராதிகளே பதிவு செய்கின்றன. நீங்கள் எழுதும்போது வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள், படிக்கும்போது இரண்டு பொருளுக்கும் தயாராக இருங்கள். 'கன்டினியூவஸ்' இடைவெளியே இல்லாதது, 'கன்டினியூவல்' விட்டுவிட்டு அடிக்கடி வருவது. இதிலும் நடைமுறையில் கறார் குறைவு.

'வீனல்', 'வீனியல்' மாதிரி ஜோடிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. லஞ்சத்துக்கு விலைபோகிறவரையும் மன்னிக்கத்தக்க சிறு பிழையையும் குறிக்கும் அந்தச் சொற்களை எழுத வேண்டிய தேவை உங்களுக்கு வந்தால், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தின் நடுவில் சந்தேகம் வந்து, அகராதியும் கைக்கெட்டாமல் போனால், பெயரடையையே சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். 'எக்கனாமிகல்' தடுமாறுகிறதா, 'சீப் டு ரன்' என்று எழுதுங்கள். 'கன்சிடரபிள்' தயங்குகிறதா, 'எ லாட் ஆஃப்' போதும். 'இண்டஸ்ட்ரியஸ்' வரவில்லையா, 'ஹார்ட்வொர்க்கிங்' இருக்கிறது. அனுப்பிய பிறகு அந்த ஜோடியை நோட்டில் இரண்டு கோடியிலும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரத்துக்கான வேலை அது.